யுவனேஸ்வரி சொன்ன டாக்டர்

அக்கா துளசியின் போன் வந்தபோது யுவனேஸ்வரி குசினியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவப் பொறுமையில்லை. முழங்கையால் போனை நகர்த்தி, சுண்டுவிரல் நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏய் யுவனா, ஒங் குரலு எங்க ஊரு லெம்பா பெர்த்தாம் வரைக்கும் வந்து சேந்துருச்சுடி," என்றாள் அக்கா. "எங்க மொதலாளி தவுக்கே தோட்டத்துல கீரை அறுக்குற பொம்பளைங்க எல்லாம் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அது எந் தங்கச்சின்னு சொன்னேன். ஒருத்தியும் நம்பல லா."

"எதுக்கா? நான் என்னா பேசுனேன்?"

"ஊசியப் பத்திப் பேசி அனுப்பல நீ? அதுதான்."

அது 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா தடுப்பூசி நாட்டுக்குள் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆடியோ யுவனேஸ்வரியிடமே மூன்று தடவை திரும்பி வந்தது. மலைக்குக் கீழே வெகுதூரம் தள்ளியிருக்கும் கிள்ளானிலிருந்து கணவனின் சித்தப்பா மகன் அனுப்பினான். சித்தியவானிலிருந்து பழைய பள்ளித் தோழி அனுப்பி, 'இது நம்ம யுவனா குரல் மாதிரி இருக்கே' என்று கேட்டிருந்தாள். மூன்றாவது, முன்பின் தெரியாத ஒரு நம்பரிலிருந்து வந்தது. பலமுறை அனுப்பப்பட்டது என்பதற்கான இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க யுவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ரொட்டி கருகியது தெரியாமல் ஆறு தடவை போட்டுக் கேட்டாள்.

"ஒங் குரலத்தானே நீயே கேட்டுக்கிட்டு இருக்க," என்றான் கணவன் மகேஸ்வரன், கருகின ரொட்டியைப் பிய்த்தபடி. தேயிலை ஆலையில் உலர்த்தும் இயந்திரத்தோடு இருபது வருடம் நின்றவன். ஒரு நாளைக்கு அவன் பேசுவதை எண்ணினால் ஐம்பது வார்த்தை தேறாது.

"கிள்ளான் வரைக்கும் போயிருக்குங்க."

"ம்ம்," என்றான் அவன்.

பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது பாயுங் எஸ்டேட். அங்கேதான் யுவனேஸ்வரி பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொண்டாள். அவளிடம் எல்லாருக்கும் முதலில் தெரிவது குரல்தான். கொழுந்து வெட்டும் மலையில் எதிர்ச்சரிவில் நிற்பவரை வாக்கிடாக்கி இல்லாமல் கூப்பிடுவாள். கோயில் திருவிழாவில் மைக் அவள் கைக்குத்தான் போகும். தொலைந்துபோன செருப்பிலிருந்து அன்னதானம் வரை அவள்தான் அறிவிப்பு. பதினெட்டு வயதில் வானொலி அறிவிப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அதற்காக அவள் ஒன்றும் சோர்ந்துவிடவில்லை. எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பதினொரு வருடமாகச் சுற்றுலாக்காரர்களுக்கு மலாய், இங்கிலீஷ், தமிழ், உடைந்த சீனம் என்று நாலு மொழியில் தேயிலை பாக்கெட் விற்றாள்.

2020 மார்ச்சில் எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒரே நாளில் மலைப்பாதை வெறிச்சோடியது. தேநீர்க் கடையை மூடினார்கள். வாரம் இரண்டு நாள் பாக்கெட் கட்டும் அறையில் வேலை. மற்ற நாளெல்லாம் வீடு. நாலு பேரிடம் பேசாமல் இருந்தால் நெஞ்சடைத்துவிடும் போலிருந்த அவளுக்குக் கையில் இருந்த போன்தான் கதவும் ஜன்னலும்.

அந்த நேரத்தில்தான் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெரியவர்களுக்கு நீள நீளமான செய்திகள் வாட்ஸ்ஆப்பில் குவிய ஆரம்பித்தன. கண் தெரியாதவர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் களைத்துப்போகிறவர்கள் எல்லாம் அவளுக்கு அனுப்பி, "இதக் கொஞ்சம் படிச்சு அனுப்பு யுவனா" என்றார்கள். அவள் படித்து அனுப்பினாள். 'வணக்கம். பேசுவது பாயுங் எஸ்டேட் யுவனேஸ்வரி' என்று தொடங்கி, நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பது போலவே படிப்பாள். முதலில் எல்லாம் உண்மையான சங்கதிகள். எந்தக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், அரிசி உதவி எப்போது வரும், போலீஸ் தடுப்பு எந்த இடத்தில் நிற்கிறது. காலையில் அவள் குரல் வரவில்லை என்றால் ஆட்கள் வாசலுக்கே வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்பார்கள்.

பிறகு வேறு வகைச் செய்திகள் வந்தன. மிளகுக் கஷாயம் குடித்தால் கிருமி தொண்டையிலேயே செத்துவிடும் என்று ஒன்று. மூச்சைப் பத்து வினாடி அடக்க முடிந்தால் நோய் இல்லை என்று இன்னொன்று. அவள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. வந்தது, படித்தாள், அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழும். அதைப் பார்ப்பதற்காகவே காலையில் எழுந்தாள் என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஊசியைப் பற்றிய செய்தியும் அப்படித்தான் வந்தது. போட்டுக்கொண்டவர்கள் இரண்டு வருடம் தாங்க மாட்டார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் அதன் பக்கமே போகக்கூடாது என்று இருந்தது. படித்தபோது அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. அதை நாலு பேருக்குச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்ற பரபரப்பில்தான் பதிவு செய்தாள். 'ஒரு மருத்துவர் கூறுகிறார்' என்று அதில் எழுதியிருந்தது. யார் அந்த மருத்துவர்? யாரென்று சொல்லாவிட்டால் சப்பென்று இருக்குமே என்று நினைத்த அதே கணத்தில், "ஈப்போவுல எனக்கு நல்லாத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு, அவரு வாயாலயே சொன்னாரு" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படி ஒரு டாக்டரே கிடையாது. ஆனால் அந்த ஒரு வரிதான் அந்த ஆடியோவைக் கிள்ளான் வரை தூக்கிக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு முனியாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. திரிங்காப் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகும் லோரியின் டிரைவர். சர்க்கரை உண்டு. அவர் மனைவி சாரதா எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவள். ஜூன் மாதம் அவருடைய கைப்பேசிச் செயலியில் ஊசிக்கான தேதி வந்தது. சாரதா சட்டையைக்கூடத் தேய்த்து வைத்தாள். முனியாண்டி போகவில்லை. ஜூலையில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்து, மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடையணிந்த இரண்டு பேர் அவரைத் தள்ளு வண்டியில் ஏற்றியதை லயமே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

மறுநாள் காலை, யுவனேஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சாரதா வந்து நின்றாள். தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குப் போடும் இளஞ்சிவப்புப் பட்டை அவள் மணிக்கட்டில் இருந்தது. இரண்டு முகக்கவசம் போட்டிருந்தாள். கையில் முனியாண்டியின் போன்.

"யுவனா, இது ஒங் குரல்தானே?" என்று ஆடியோவைப் போட்டாள்.

வணக்கம், பேசுவது பாயுங் எஸ்டேட் யுவனேஸ்வரி.

சாரதா திட்டப்போகிறாள் என்று யுவனேஸ்வரி நினைத்தாள். திட்டு வாங்கத் தயாராகவும் இருந்தாள். "ஆமாக்கா" என்றாள்.

"இதுல ஈப்போ டாக்டருன்னு சொல்றியே, ஒனக்குத் தெரிஞ்சவருன்னு. அவருக்கு ஒரு போன் போடேன் மா. இங்க ஆஸ்பத்திரியில ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம். அவருதான் நெஞ்சார எடுத்துச் சொல்ற ஆளு போல. இப்ப என்னா செய்யணும்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லு."

சாரதா உண்மையாகத்தான் கேட்டாள். அந்த முகத்தில் கொஞ்சம்கூடக் குத்தல் இல்லை. பேனாவும் பழைய காலண்டர் தாளும் கொண்டுவந்திருந்தாள், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள.

யுவனேஸ்வரி கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே திரும்பப் போட்டாள்.

"அக்கா, அப்படி டாக்டரு யாரும் இல்லக்கா."

"மாத்திட்டாங்களா? வேற ஊருக்கா?"

"இல்லக்கா. நானாத்தான் சொன்னேன். எனக்கு டாக்டரு யாரையும் தெரியாது."

சாரதா தாளை நாலாக மடித்தாள். "அவரு போகாததுக்கு இதத்தான் காரணம் சொன்னாரு. நான் எவ்ளோ சொல்லியும் இதப் போட்டுக் காட்டுனாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கே யுவனேஸ்வரி புது ஆடியோ பதிவு செய்தாள். நான் சொன்னது தப்பு, அந்த டாக்டர் கிடையாது, தயவுசெய்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று, அதே வணக்கத்தோடு, அதே குரலில். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதில்கள் வந்தன.

'ஆபீஸ் கிராணி சொல்லச் சொன்னாரா?'

'போலீசு வந்துச்சா யுவனா? பயப்படாத.'

துளசி போனே செய்தாள். "யாருடி மெரட்டுனது? மொதல்ல தெளிவாப் பேசுன. இதுல குரலு நடுங்குது."

"யாரும் மெரட்டலக்கா. உண்மையத்தான் சொல்றேன்."

"சரி சரி, போன்ல பேச வேணாம்," என்று துளசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கிள்ளானுக்குப் பறந்துபோனது பொய். திருத்தமோ அவள் அனுப்பியவர்களைத் தாண்டவில்லை. மூன்று நாளாகியும் அதன் தலையில் ஓர் அம்புக்குறிகூட விழவில்லை.

அந்த வாரம்தான் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை மாவட்டத்திலிருந்து நடமாடும் தடுப்பூசிக் குழு பாயுங்குக்கே வரும், பேட்மிண்டன் மண்டபத்தில் போடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அறுபது பேராவது பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குழு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். புதன்கிழமை காலையில் யுவனேஸ்வரி ஆபீசுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தாள். பத்தொன்பது பெயர்கள். அதில் பதினாலு பேர் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள். தமிழ்ப் பெயர் ஐந்துதான்.

அவளுடைய தமிழ் புரியாதவர்கள் மட்டும்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். தலைமை எழுத்தரான பெரிய கிராணி பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். யாரும் சொல்லாமலே அவளுக்கு உறைத்தது.

நேரே ஹரிதாசைத் தேடிப் போனாள். ஹரிதாஸ் எஸ்டேட் லேண்ட் ரோவர் ஓட்டுகிறவன், அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். கோயில் சாவியும் அவனிடம்தான்.

"தம்பி, கோயில் குழாய் ஸ்பீக்கரு ரெண்டையும் ஒன் வண்டி மேல கட்ட முடியுமா?"

"திருவிழாவா அக்கா? எம்சிஓ-வுலயா?"

"இல்ல லா. நான் பொய் சொன்னேன்னு சொல்லணும். வாட்ஸ்ஆப்புல சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. மூஞ்சியப் பாத்து சொல்லணும்."

ஹரிதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கயிறு எடுக்கப் போனான்.

அன்று மத்தியானம் லேண்ட் ரோவர் மேல் லயத்துக்குள் நுழைந்தபோது ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒன்றரை வருடமாக அந்த மலையில் ஒலிபெருக்கிச் சத்தமே இல்லை. யுவனேஸ்வரி பின்பக்கம் ஏறி நின்றாள். ஆயிரம் தடவை மைக் பிடித்தவள் அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினாள்.

"நான் யுவனேஸ்வரி பேசுறேன். ஈப்போ டாக்டருன்னு நான் சொன்னது பொய். அப்படி ஆளே கெடையாது. எடுப்பா இருக்கட்டும்னு நானே சேத்துக்கிட்டேன். அதக் கேட்டுட்டு முனியாண்டி அண்ணன் ஊசிக்குப் போகல. இப்ப ஆஸ்பத்திரியில கெடக்குறாரு."

சத்தம் எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது. கெடக்குறாரு, கெடக்குறாரு என்றது. ஒரு வீட்டு வாசலில் சின்னையா எழுந்து நின்றார். எஸ்டேட்டிலேயே மூத்த கங்காணி. யார் பேச்சையும் உரசிப் பார்க்காமல் ஏற்காதவர்.

"ஏம்மா," என்றார் முகக்கவசத்தை இறக்கி. "அன்னிக்குப் பொய் சொன்ன. இன்னிக்கு உண்மை சொல்றன்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

காலையிலிருந்து யுவனேஸ்வரி தயார் செய்து வைத்திருந்த பேச்சு முழுவதும் என்னை நம்புங்கள் என்றுதான் முடிந்தது. அந்த நம்பிக்கைக்குத்தானே அந்த ஆள் ஆதாரம் கேட்கிறார்.

"தெரியாது மாமா," என்றாள் மைக்கிலேயே. "என்னைய நம்பாதீங்க. நம்ப வேணாம். கிளினிக்குல கேத்லீன் மிஸ்ஸின்னு ஒருத்தங்க இருக்காங்க, நம்மள மாதிரி எஸ்டேட்டுல பொறந்தவங்கதான். அவங்களக் கேளுங்க. இந்தா, இப்பவே."

எந்த யோசனையும் இல்லாமல் போனை எடுத்து நர்சுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தாள். கேத்லீனை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை. அறிவிப்புத் தாளில் இருந்த நம்பர் அது.

"மிஸ்ஸி, நான் பாயுங்குலேர்ந்து பேசுறேன். நீங்க பேசுறது இங்க லயத்துக்கே கேக்குது. கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லுவீங்களா?"

குழாயில் இருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு வந்தது. "நான் சாப்பிட உக்காந்தேன் அக்கா. பரவால்ல. கேக்கச் சொல்லுங்க."

அப்புறம் நடந்ததை எஸ்டேட் இன்றும் பேசுகிறது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கேள்வி பறந்தது. யுவனேஸ்வரி ஒவ்வொன்றையும் மைக்கில் திருப்பிச் சொன்னாள். சர்க்கரை இருந்தால் போடலாமா என்றார்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத்தான் நோய் வந்தால் ஆபத்து அதிகம், அவர்கள்தான் முதலில் போட வேண்டும் என்றார் கேத்லீன். காய்ச்சல் வருமா? ஒன்றிரண்டு நாள் வரலாம், கை வலிக்கும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கிறவள் போடலாமா? போடலாம். இரண்டு வருடத்தில் செத்துப்போவோமா? "நான் போட்டு அஞ்சு மாசமாச்சு. எங்க அம்மாவுக்கும் போட்டுட்டேன். சாகடிக்கிறதுன்னா எங்க அம்மாவுக்கா போடுவேன்?" மேல் லயம் முழுக்கச் சிரித்தது. தெரியாத கேள்வி ஒன்றுக்கு, "அது எனக்குத் தெரியல, டாக்டரக் கேட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே மறுநாள் சொன்னார். ஊசியைப் பற்றி இத்தனை நாளாகப் பேசியவர்களில் ஒருவரும் தெரியவில்லை என்று சொன்னதில்லை. யுவனேஸ்வரிக்கு அந்த வார்த்தைதான் அன்றிரவு தூங்கும்வரை காதில் இருந்தது.

வியாழக்கிழமை கீழ் லயம், ஆலைக் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை ஆற்றோர வீடுகள். மூன்று மணிக்குப் பட்டியலில் ஐம்பத்திரண்டு. நாலு மணிக்கு ஐம்பத்தேழு. ஹரிதாஸ் ஆபீஸ் ஜன்னலுக்கும் வண்டிக்கும் ஓடி ஓடி எண்ணிக்கை சொன்னான். நாலே முக்காலுக்குச் சாரதா வந்தாள். அன்று காலையில்தான் பட்டையைக் கழற்றியிருந்தார்கள். யுவனேஸ்வரி பக்கம் திரும்பவே இல்லை. தன் பெயரை எழுதிவிட்டு, பின்னால் வந்த எட்டுப் பெண்களையும் ஒவ்வொருவராக முன்னே தள்ளி எழுதவைத்தாள். அறுபத்தாறு.

அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு மண்டபத்து வாசலில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள், நேற்றுவரை முடியாது என்றவர்கள், எல்லாரும் குடையோடு நின்றிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேத்லீன் போன் செய்தார்.

"அக்கா, ஒங்க எஸ்டேட் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. வேன் போவாது. இன்னொரு நாளைக்கு மாத்தலாம்னு எங்க ஆபீசுல சொல்றாங்க."

யுவனேஸ்வரி குடைகளைப் பார்த்தாள். "மிஸ்ஸி, இன்னிக்கு வந்தவங்க அடுத்த வாரம் வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வாரம் போன் அவங்க கையில இருக்கும். மறுபடி என்னென்னமோ வரும். திரிங்காப் பக்கம் கீரைத் தோட்டத்து வழியா ஒரு மண்பாதை இருக்கு. நான் வண்டி கொண்டு வர்றேன். நீங்க அங்கயே இருங்க."

குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் ஹரிதாஸ் வெள்ளிக்கிழமையே வண்டியிலிருந்து இறக்கி மண்டபத்தில் கட்டியிருந்தான். அவன் அதற்குள் இன்ஜினை முடுக்கிவிட்டான். மகேஸ்வரன் ஆலைச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தான். "இவங்கள எப்படியாச்சும் நிறுத்தி வைங்க," என்று மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு அவள் ஏறிக்கொண்டாள். அந்த மனிதன் மைக்கைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்திருந்ததைப் போகிற போக்கில் பார்த்தாள்.

மண்பாதை பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களுக்கு நடுவே வளைந்து இறங்கியது. சக்கரம் இரண்டு தடவை வழுக்கிப் பக்கவாட்டில் போனது. பாதி வழியில் இரும்பு கேட், பூட்டு. யுவனேஸ்வரி இறங்கி, கடையில் கற்ற உடைந்த சீனத்தில் உள்ளே பார்த்துக் கூவினாள். ரப்பர் பூட்ஸ் போட்ட வயதான சீனத் தவுக்கே வெளியே வந்தார். ஊசி மருந்து என்று சைகையில் தன் தோளைக் குத்திக் காட்டினாள். அவர் தன்னுடைய சட்டைக் கையைத் தூக்கி, தானும் போட்டாயிற்று என்று காட்டிவிட்டுச் சாவியை எடுத்தார்.

கீழே மெயின் ரோட்டில் வெள்ளை வேன் நின்றிருந்தது. கேத்லீன் நீல நிறக் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லேண்ட் ரோவரில் முன்னால் உட்கார்ந்தார். டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் பின்னால், யுவனேஸ்வரியோடு, மழைப் படுதாவுக்குள். ஏறும்போது ஒரு வளைவில் வண்டி புதைந்துவிட்டது. டாக்டர் உட்பட எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கேத்லீன் மட்டும் இறங்கவில்லை. "இதக் கீழ வைக்க மாட்டேன், என்னையும் சேத்துத் தள்ளுங்க," என்றார். தள்ளினார்கள். சேறு யுவனேஸ்வரியின் நெற்றி வரை அடித்தது. வண்டி துள்ளி மேலேறியபோது அவள் தன்னை மறந்து கூவினாள். அந்தக் கூவல் மண்டபம் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

பதினொன்று பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் கலைந்திருக்கவில்லை. மகேஸ்வரன் ஆலையிலிருந்து பெரிய கெண்டியில் தேநீர் வரவழைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மைக்கில், "போகாதீங்க. அவ வந்துருவா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். தொண்டை கட்டிப்போயிருந்தது.

நாற்காலி போட்டார்கள், மேசை போட்டார்கள். ஆனால் யாரும் முதல் நாற்காலியில் உட்காரவில்லை. வரிசை முன்னால் நகரும், நாற்காலிக்கு ஒரு கஜம் முன்னால் நின்றுவிடும்.

"யுவனா, நீ போடு மொதல்ல," என்றது ஒரு குரல். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

ஊசி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அந்தச் செய்தியைப் படித்த இரவில் பிடித்த பயமும் முழுசாகப் போய்விடவில்லை. புத்தி ஏற்றுக்கொண்டது, உடம்பு இன்னும் ஏற்கவில்லை. சேற்று முகத்தோடு போய் உட்கார்ந்தாள். மகேஸ்வரனிடமிருந்து வாங்கிய மைக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அணைக்க மறந்துவிட்டாள்.

"மூச்ச இழுத்து விடுங்க அக்கா," என்றார் கேத்லீன்.

"ஐயோ அம்மா, கொஞ்சம் இருங்க மிஸ்ஸி, இன்னும் ரெடி ஆகல," என்று அவள் முனகியது இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் மலை முழுக்கக் கேட்டது.

"போட்டு முடிச்சாச்சு," என்ற கேத்லீனின் குரலும் கேட்டது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே சாரதா வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. கடைசி ஆள் எழுந்தபோது மணி நாலரை. நூற்று முப்பத்தொரு பேர். கூடுதலாகக் கொண்டுவந்த மருந்து போதவில்லை என்று ஒன்பது பேரை மறுவாரம் வரச் சொன்னார்கள்.

சின்னையா வரவில்லை. இன்றுவரை போடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்குண்டு மாதிரி மலையேறுகிறார். யுவனேஸ்வரியைப் பார்த்தால் கண்ணடிப்பார். அவளுக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விதான் அன்றைக்கு வழியைத் திறந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே சண்டைக்குப் போவதில்லை. காலைச் செய்தி வாசிப்பதையும் அவள் விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றையும் வாசிப்பதற்கு முன்னால் கேத்லீனுக்கு அனுப்பிக் கேட்கிறாள். பதில் வர இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் காத்திருக்கிறாள்.

முனியாண்டி முப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினெட்டுக் கிலோ குறைந்து, தடி ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். லயத்து ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான்காவது இடம் யுவனேஸ்வரி வீட்டு வாசல். அவள் வெளியே வந்தாள். ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுதான் வந்தது.

"அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க."

முனியாண்டி தடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டார். "நெறையா இருக்கு. அங்க படுத்துக்கிட்டு ஒன்னத்தான் திட்டுனேன். அந்த ஸ்பீக்கரு விஷயம் சாரதா போன்ல சொன்னா. அப்பவும் திட்டுனேன். அது போகக் கொஞ்ச நாளாவும்."

"சரிண்ணே."

"சக்கரை இல்லாம ஒரு தேத்தண்ணி போடு. ஏற முடியல."

அவள் உள்ளே ஓடினாள்.